கூடுகையும் தனிமையும்: பல்லினப் பெண்களின் சமய வாழ்வும் உடல்நலமும்

சமய ஈடுபாடு மிக்கவர்கள் மற்றவர்களைவிட நலமாகவும் நெடுநாளும் வாழ்கிறார்கள் என்னும் கூற்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வேரூன்றிவிட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் பெரிய ஆய்வுகளுள் பல பெண்களை மட்டுமே கொண்டு நடத்தப்பட்டவை என்பதும், அவற்றுள் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வின் பெண்கள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையினக் கிறித்தவர்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கறுப்பினப் பெண்கள், அரபு வழிவந்த முஸ்லிம் பெண்கள், லாவோசிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனப் பெண்கள், அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள், ஆசிய நாடுகளில் தம் மண்ணிலேயே வாழும் பெண்கள் ஆகியோரின் சமய வாழ்வைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அதே கூற்று சில இடங்களில் வலுப்பெறுகிறது. சில இடங்களில் கரைந்துபோகிறது. ஓரிரு இடங்களில் தலைகீழாகவும் திரும்புகிறது. வழிபடும் தெய்வத்தையோ ஏற்ற கோட்பாட்டையோ கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முயன்றவர்கள் அதிக தூரம் செல்லவில்லை. சமயம் ஒரு பெண்ணை யார் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது, அங்கே அவள் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்னும் இரண்டு கேள்விகளே, இதுவரை வந்துள்ள சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கையில், பெரும்பகுதியை விளக்குவனவாகத் தோன்றுகின்றன.

இத்துறையில் சமயமும் ஆன்மிகமும் தனித்தனியாகவே அளக்கப்படுகின்றன. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குரு, சடங்கு, நோன்பு, விலக்கு எனப் பலர் கூடிப் பேணும் அமைப்பைச் சமயம் என்றும், தன்னைவிடப் பெரிய ஒன்றோடு தனக்குத் தொடர்பு இருப்பதாக ஒருவர் உள்ளுக்குள் கொள்ளும் உணர்வை ஆன்மிகம் என்றும் ஆய்வாளர்கள் கொள்கின்றனர். சமயத்தை அளப்பது ஓரளவு எளிது. மாதத்துக்கு எத்தனை முறை வழிபாட்டுக்குச் செல்கிறீர்கள் என்று கேட்டால் போதும். ஆன்மிகத்தை அளக்க வகுக்கப்பட்ட வினாத்தாள்களோ மனம் அமைதியாக இருக்கிறதா, வாழ்க்கைக்குப் பொருள் இருப்பதாக உணர்கிறீர்களா என்பன போன்ற கேள்விகளையும் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவு என்று முடிவு வெளியிடப்படும்போது, அமைதியாக இருப்பவர் அமைதியாக இருக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படுவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு கோனிக், இத்துறையின் முன்னோடியாகவும் சமயத்தின் நற்பயனை வலியுறுத்துபவராகவும் இருந்தும், இந்தச் சுழல் தர்க்கத்தைத் தாமே கண்டித்து எழுதியுள்ளார். ஆன்மிகம் பற்றிய முடிவுகளைச் சற்று எச்சரிக்கையோடும், கூடுகை பற்றிய முடிவுகளைக் கூடுதல் நம்பிக்கையோடும் படிப்பதே முறை.

கூடுகை பற்றிய முடிவுகளில் முதலிடம் பெறுவது அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வு. 1976இல் 121,700 செவிலியரைச் சேர்த்துத் தொடங்கப்பட்ட இது, ஒரே கூட்டத்தாரைப் பல்லாண்டுகள் விடாமல் பின்தொடரும் தொடராய்வு வகையைச் சேர்ந்தது. இவர்களுள் 74,534 பெண்களிடம் 1990களில் வழிபாட்டுப் பழக்கம் கேட்டறியப்பட்டு, 2012 வரை நேர்ந்த இறப்புகள் கணக்கிடப்பட்டன. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவாலயம் சென்றவர்களின் இறப்பு வீதம், ஒருபோதும் செல்லாதவர்களுடையதைவிட 33 விழுக்காடு குறைந்திருந்தது என ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். நோயாளிகள் தேவாலயத்துக்குப் போக முடியாததால் போகிறவர்கள் நலமானவர்களாகத் தோன்றக்கூடும் என்னும் ஐயத்துக்கு, அதாவது விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் பிழைக்கு, இவ்வாய்வு இடம் குறைவாகவே வைத்தது. தொடக்கத்தில் இதயநோயும் புற்றுநோயும் இல்லாதவர்களே கணக்கில் கொள்ளப்பட்டனர், முந்தைய ஆண்டுகளின் வழிபாட்டுப் பழக்கமும் உடல்நிலையும் கழித்துப் பார்க்கப்பட்டன. கிடைத்த நன்மையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுற்றத்தாரின் ஆதரவாலும், அதற்குச் சற்றுக் குறைந்த பங்கு புகைபிடிக்காமையாலும், மேலும் ஒரு பகுதி மனச்சோர்வு குறைந்ததாலும் வந்தது என்று பிரித்துக் காட்டியது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. ஆயினும் இப்பெண்கள் பெரும்பாலும் வெள்ளையினத்தவர், எல்லோரும் பயிற்சி பெற்ற செவிலியர், ஊதியமும் மருத்துவ அறிவும் உள்ளவர்கள். இவர்களிடம் கண்டதை உலகப் பெண்கள் அனைவருக்கும் பொருத்துவது ஆய்வின் குற்றமன்று, ஆய்வை மேற்கோள் காட்டுவோரின் அவசரம்.

அதே கேள்வியைக் கறுப்பினப் பெண்களிடம் கேட்டபோது படம் சிக்கலாயிற்று. பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் நல ஆய்வில் 59,000 பேர் சேர்ந்தனர்; ‘எசன்ஸ்’ என்னும் கறுப்பினப் பெண்கள் இதழின் சந்தாதாரர்களுக்கு வினாத்தாள் அனுப்பியே பெரும்பாலோர் திரட்டப்பட்டனர். இவர்களுள் 36,613 பேரைக் கொண்டு 2017இல் வெளியான கட்டுரை, வாரத்தில் பல முறை வழிபாட்டுக்குச் செல்வோரின் இறப்பு வீதம் செல்லாதவர்களுடையதைவிட 36 விழுக்காடு குறைந்திருப்பதைக் கண்டது. இது செவிலியர் ஆய்வோடு ஒத்துப்போகிறது. தனியாகச் செய்யும் செபத்துக்கோ அப்படிப்பட்ட தொடர்பு எதுவும் தென்படவில்லை. வழிபாட்டுக் கூடுகையின் பயனைக் கழித்துப் பார்த்தால், நாளுக்குப் பல முறை செபிப்பவர்களின் இறப்பு வீதம் சற்று உயர்ந்திருப்பது போன்ற சாயல்கூடத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே பெண்களின் உயர் இரத்த அழுத்தத்தைப் பற்றி வெளியான கட்டுரை மேலும் புதிராக அமைந்தது. வழிபாட்டுக்குச் செல்வதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பில்லை என்றும், துன்பம் வரும்போது அதைத் தாங்கச் சமயத்தைத் துணையாகக் கொள்வோருக்கு நோய் வரும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைவு என்றும், அடிக்கடி செபிப்போருக்கு அது 12 விழுக்காடு அதிகம் என்றும் அது கூறிற்று.

செபம் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது அறியாமை. கடன், வேலையிழப்பு, மகன் சிறைப்படல், தாய்க்குப் பக்கவாதம் என்று இடர்கள் அடுக்கடுக்காக வருகிற வீட்டில்தான் செபம் மிகுகிறது. இடர் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது, செபத்தையும் பெருக்குகிறது. இரண்டுக்கும் பின்னால் நிற்கும் இத்தகைய மூன்றாவது காரணத்தைப் புள்ளியியலார் குழப்பும் காரணி என்கின்றனர். செரில் வுட்ஸ்-கிஸ்கோம்பே என்னும் செவிலியத் துறை ஆய்வாளர் 2010இல் எழுதிய கட்டுரை இங்கே உதவுகிறது. எதையும் தாங்குபவளாக, உதவி கேட்காதவளாக, உணர்ச்சியை அடக்குபவளாக, தன்னைப் பின்னுக்குத் தள்ளிப் பிறரைப் பேணுபவளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் கறுப்பினப் பெண்களுக்கு இருப்பதையும், அதன் விலையை அவர்கள் உடல் செலுத்துவதையும் அவர் விவரித்தார். இந்தக் கட்டாயத்தோடு வாழும் பெண்ணுக்கு நள்ளிரவுச் செபம் ஒன்றே புலம்பக் கிடைத்த இடமாக இருக்கலாம். அந்தப் புலம்பல் வேறு எவர் காதிலும் விழாதவரை அவள் தனிமையும் தீர்வதில்லை.

கறுப்பினத் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமையை உற்றுப் பார்த்தால் கூடுகை செய்யும் வேலை விளங்கும். வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்த பெண்கள் சிலர் இருக்கை வரிசைகளின் ஓரத்தில் நிற்பார்கள். தேவாலயச் செவிலியர் அணி என்று பெயர். அவர்களுள் பலர் மருத்துவமனைச் செவிலியர் அல்லர், சபையின் சாதாரண உறுப்பினர்களே. பாடலும் பிரசங்கமும் உச்சமடைந்து ஒருத்தி ஆவியில் நிறைந்து அதிரும்போது அவள் விழாமல் தாங்குவது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பது, விசிறுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர்கள் பணி. ‘சபைத் தாய்’ என்று மதிக்கப்படும் மூதாட்டிகள் முன்வரிசையில் அமர்ந்து, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று கணக்கு வைத்திருப்பார்கள். இவர்களை எந்த வினாத்தாளும் எண்ணவில்லை. ஆயினும் இறப்பு வீதத்தைக் குறைத்தவற்றுள் இவர்கள் பங்கு சிறிதாக இருக்க முடியாது.

இதன் எல்லையையும் உடனே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மிகுந்த சமயப் பற்றுள்ள பிரிவினர் கறுப்பினப் பெண்களே. மகப்பேற்றின்போது அதிகம் சாகும் பிரிவுகளுள் ஒன்றும் அவர்களே. 2021இல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 69.9 கறுப்பினத் தாய்மார் இறந்தனர். வெள்ளையினத் தாய்மார் 26.6. எத்தனை தேவாலயம் கூடினாலும் மகப்பேற்று அறையில் அவள் சொல்லும் வலியை மருத்துவர் நம்பாவிட்டால் பயனில்லை.

மற்றப் பெரிய ஆய்வுகளை விரைவாகக் கடந்துவிடலாம். மாதவிடாய் நின்ற பெண்களைத் தொடர்ந்த அமெரிக்கப் பெண்கள் நல முனைப்பு என்னும் ஆய்வில், வாரந்தோறும் வழிபாட்டுக்குச் செல்வோரிடையே பொது இறப்பு வீதம் குறைந்திருந்தது, இதயநோயில் அந்தக் குறைவைக் காணவில்லை. வெள்ளையினம், கறுப்பினம், ஹிஸ்பானியம், சீனம், ஜப்பானியம் ஆகிய ஐந்து இனங்களைச் சேர்ந்த 3,302 நடுவயதுப் பெண்களை ஏழு நகர்ப்பகுதிகளில் 1990களின் நடுவிலிருந்து தொடர்ந்து வரும் ‘ஸ்வான்’ ஆய்வு, இன வேறுபாட்டை நேருக்கு நேர் பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. அன்றாட ஆன்மிக அனுபவத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தேடிய அதன் ஆய்வாளர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒன்றுமில்லை என்னும் இத்தகைய முடிவுகள் செய்தித்தாள்களில் ஏறுவதில்லை என்பதால், பொதுவாசகர் மனத்தில் நல்ல செய்தியே தங்கிவிடுகிறது.

அளவுகோலே ஓர் இனத்தின், ஒரு சமயத்தின் வழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் இவற்றினும் பெரிய சிக்கல். ஞாயிறுதோறும் ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் கூடும் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்க வழக்கத்துக்கு ‘வாரத்துக்கு எத்தனை முறை’ என்னும் கேள்வி பொருந்தும். வெள்ளிக்கிழமைத் தொழுகை ஆண்களுக்குக் கடமை, பெண்களுக்கு அன்று. வைதிக யூதர்களிடையிலும் கூட்டு வழிபாட்டுக் கடமை ஆண்களைச் சார்ந்தது. உலகளவில் சமயத்தைச் சார்ந்தோர் பெண்களில் 83.4 விழுக்காடு, ஆண்களில் 79.9 விழுக்காடு என்று பியூ ஆய்வு மையம் 2016இல் மதிப்பிட்டபோதே, முஸ்லிம்களிடையேயும் வைதிக யூதர்களிடையேயும் வழிபாட்டிடத்துக்கு வாரந்தோறும் செல்வதில் ஆண்களே முந்துகின்றனர் என்பதையும் பதிவுசெய்தது. ஐந்து வேளையும் வீட்டில் தொழுது, ரமலானில் அண்டை வீட்டாரோடு நோன்பு திறந்து, மகளிர் குர்ஆன் வகுப்புக்குச் செல்லும் ஒரு பெண், ‘வழிபாட்டுக்குச் செல்வதில்லை’ என்னும் கட்டத்தில் விழுந்துவிடுகிறாள். வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றி, ஆடிக்கூழ் ஊற்றும் நாளில் மட்டும் தெருவோடு கூடும் இந்துப் பெண்ணுக்கும் அதே கட்டந்தான். அமெரிக்க வடசமவெளிப் பழங்குடியினரிடையே தற்கொலை முயற்சி பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல மறுமொழி. கிறித்தவத்தின் மீதோ மரபுச் சமயத்தின் மீதோ உள்ள நம்பிக்கையை மட்டும் கேட்டபோது எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. எல்லா உயிரோடும் ஒத்திசைந்து வாழ்தல், மூதாதையரோடு தொடர்பு என அம்மக்கள் தாமே சமயம் என்று கருதுவனவற்றைக் கேட்ட பிறகே, அந்த நோக்கு மிக்கவர்களிடம் முயற்சிகள் குறைந்திருப்பது தெரிந்தது.

நம்பிக்கையே நோய்க்குக் காரணம் என்று சிறுபான்மைப் பெண்கள் மீது பழி சுமத்தும் எழுத்துகளும் ஒருகாலத்தில் மிகுந்திருந்தன. ‘எல்லாம் கடவுள் விருப்பம்’ என்று சொல்லிச் சோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள் என்னும் ஊழ்நம்பிக்கை விளக்கம், ஹிஸ்பானியப் பெண்களைப் பற்றியும் கறுப்பினப் பெண்களைப் பற்றியும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்பட்டது. வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 540 மார்பகப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 1998இல் வெளியான கட்டுரை இதில் ஒரு திருப்பம். கறுப்பினப் பெண்கள் நோய் முற்றிய நிலையில் வருவதற்கான வாய்ப்பு வெள்ளையினப் பெண்களுடையதைப் போல் மும்மடங்காக இருந்தது. வருமானம், கல்வி, காப்பீடு போன்றவற்றைக் கழித்தபோது அது 1.8 மடங்காக இறங்கியது. அறுவையின்போது காற்றுப் பட்டால் புற்று பரவும், சாத்தானாலும் புற்று வரலாம் என்பன போன்ற கருத்துகளையும் கழித்தபோது 1.2 மடங்காகச் சுருங்கியது. நம்பிக்கைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு முன்பே பெரியதோர் இறக்கத்தை வறுமை தனியாக விளக்கிவிட்டது என்பதும் உண்மை. கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் இரண்டாம் பாதியை நினைவில் வைத்து முதல் பாதியை மறந்தார்கள்.

அதே நம்பிக்கையைப் பகையாகக் கொள்ளாமல் வழியாகக் கொண்ட முயற்சி, ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய ‘சாட்சித் திட்டம்’. புற்றுநோயிலிருந்து மீண்ட கறுப்பினப் பெண்கள் தேவாலயத்தில் எழுந்து நின்று, கடவுள் தமக்குச் செய்ததைச் சாட்சி கூறும் வழக்கமான நடையிலேயே, கட்டி தெரிந்த நாளையும் மருத்துவரிடம் போனதையும் மேமோகிராம் எடுத்ததையும் பிறகும் உயிரோடு இருப்பதையும் சொல்வார்கள். பிறகு மார்பக மாதிரியை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கும் முறையைக் கற்பிப்பார்கள். புற்று என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லாத ஊர்களில் இது நடந்தது. சிகாகோ வட்டாரப் பள்ளிவாசல்களில் அசீம் பதேலா என்னும் மருத்துவரின் குழு நடத்திய மகளிர் வகுப்புகளும் இவ்வழியில் வந்தவையே. நோயும் நலமும் இறைவன் கையில் என்பதை மறுக்காமல், உடல் இறைவன் ஒப்படைத்த அமானிதம், அதைப் பேணுவது கடமை என்னும் மார்க்கக் கருத்தைக் கொண்டு அரபு, தெற்காசியப் பெண்களை மேமோகிராமுக்கு அழைத்தனர். நாணம் காக்கப்பட வேண்டும், பெண் ஊழியரே சோதிக்க வேண்டும் என்னும் கோரிக்கை நிறைவேறினால் தயக்கத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தமிழ் நாட்டுக்கு இது புதிய செய்தி அன்று. ஆண் மருத்துவரை அனுமதிக்காத வீடுகளில் பிரசவத்தில் பெண்கள் மாண்டதைக் கண்டே ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துவந்து, 1900இல் வேலூரில் பணி தொடங்கி, 1918இல் அங்கேயே பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் திறந்தார்.

கலிபோர்னியாவின் மெர்சட் நகரம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. லாவோஸ் போருக்குப் பின் அங்கே குடியேறிய மோங் மக்கள், உடலை விட்டு ஆன்மா அகன்றுவிடுவதால் நோய் வருகிறது என்று நம்புபவர்கள். ஆன்மாவை அழைத்து வருவது ஷாமன் என்னும் பூசாரியின் வேலை. வலிப்புநோயால் அவதிப்பட்ட ஒரு சிறுமியின் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் இடையே எழுந்த ஆறாத பிணக்கை ஆன் ஃபாடிமன் 1997இல் எழுதிய நூல் உலகறியச் செய்தது. அந்நகர மருத்துவமனை பிறகு ஷாமன்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, ஆன்மாவை அழைத்தல் உள்ளிட்ட ஒன்பது சடங்குகளை நோயாளியின் படுக்கையருகே செய்ய எழுத்துப்பூர்வமாக இசைந்தது. மந்திரம் மெல்லிய குரலில் ஓதப்பட வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று. அறுவைக்குச் சம்மதிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்கள் மருத்துவமனைக்கு வருவதற்கு இது ஒரு கதவு.

சமயம் தீங்கு செய்யும் இடங்களும் உண்டு, அவற்றில் சான்று ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. மருத்துவத்தையே விலக்கிய இந்தியானா மாநிலத்தின் ‘விசுவாச சபை’யில் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் தாய்மார் இறப்பு மாநிலச் சராசரியைப் போல் ஏறக்குறைய நூறு மடங்காக இருந்தது. பிறர் இரத்தத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகளிடையே மகப்பேற்று இறப்பு ஆறு மடங்கு என்று நெதர்லாந்து ஆய்வு காட்டியது. கருவுற்றவளுக்கு ரமலான் நோன்பிலிருந்து மார்க்கமே விலக்கு அளித்திருந்தும், எல்லோரும் நோற்கும்போது நோற்பது எளிது, பின்னால் தனியாக நோற்பது கடினம் என்று நோன்பிருப்பவர் பலர். மிச்சிகன் மாநிலத்தின் அரபு வழித் தாய்மார்களின் குழந்தைப் பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலார், கருக்காலம் ரமலானோடு சேர்ந்துவந்த குழந்தைகளின் எடை சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டனர். கடவுள் தன்னைக் கைவிட்டார், தண்டிக்கிறார் என்று எண்ணும் மனநிலையைக் உளவியலார் கென்னத் பார்கமெண்ட் சமயப் போராட்டம் என்று பெயரிட்டு, மூத்த நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து, அப்படி எண்ணியவர்கள் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட உயர்ந்திருப்பதை 2001இல் காட்டினார். மலடி என்றோ பாவி என்றோ சுற்றம் குறிப்பிடும் பெண்ணுக்கு இந்தப் போராட்டம் அவள் உள்ளத்தில் மட்டும் நிகழ்வதில்லை.

துயரத்தை ஆற்றும் சடங்குகளில் நன்மையும் சுரண்டலும் ஒன்றாகப் பிணைந்திருப்பதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டு. கருச்சிதைவை 1948இலேயே சட்டம் அனுமதித்தது. கருத்தடை மாத்திரைக்கோ 1999 வரை இசைவு இல்லை. பிறவாத குழந்தைக்கு நினைவுச் சடங்கு செய்யும் ‘மிசுகோ குயோ’ 1970களில் பரவியது இந்தப் பின்னணியில்தான். தோக்கியோவின் சோஜோஜி கோயிலில் ஜிசோ என்னும் குழந்தைகாக்கும் போதிசத்துவரின் சிறு கற்சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்குத் தாய்மார் சிவப்புக் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும் அணிவித்து, பக்கத்தில் காற்றாடியும் பொம்மையும் வைத்துச் செல்வர். கருவிலேயே குழந்தையை இழந்த தாய்க்கு அழ ஓர் இடம் தந்த இதே சடங்கை, நினைவுகூராவிட்டால் ஆவி பழிவாங்கும் என்று இதழ்களில் அச்சமூட்டி விளம்பரப்படுத்திக் காசாக்கியவர்களும் இருந்ததை ஹெலன் ஹார்டேக்கர் தம் 1997ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். பெண்ணின் துக்கத்துக்கு இடம் அமைப்பவரும் அதற்கு விலை குறிப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது அவளுக்குப் பாதுகாப்பில்லை.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில் அம்மன் கோயில்கள் செய்த பணி வேறு வகை. இராணுவத்தாலும் இயக்கங்களாலும் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றி எந்த அலுவலகமும் பதில் சொல்லாத ஆண்டுகளில், தாய்மார் தெய்வமேறி வாக்குச் சொல்பவர்களிடம் போனார்கள். அங்கே ஆய்வு செய்த மானிடவியலார் பட்ரிசியா லாரன்ஸ், வாக்குச் சொல்பவரின் உடலிலேயே அந்தப் பிள்ளை பட்ட அடியும் வதையும் தோன்றுவதையும், வெளியில் பேசவே அஞ்சிய ஒன்றைக் கோயில் முன்றிலில் எல்லோர் முன்னும் தாய் கேட்டு அழுவதையும் எழுதினார். அதை மருத்துவம் என்று சொல்லலாமா என்பது வேறு; அந்நாளில் அங்கே உளநல மருத்துவம் கிடைப்பது அரிதாக இருந்தது.

மாதவிடாயைச் சமயம் கையாளும் விதத்தில் இந்தக் கட்டுரையின் வாதம் மிகத் தெளிவாகப் புலப்படும். நவஹோ பழங்குடியினரின் ‘கினால்டா’ சடங்கில் முதல் பூப்பெய்திய பெண் நான்கு நாளும் விடியலில் கிழக்கு நோக்கி ஓடுகிறாள், பெரியவள் ஒருத்தி அவள் உடலை நீவி உருவாக்குகிறாள், மண்ணில் தோண்டிய குழியில் இரவு முழுதும் வெந்த பெரிய சோள அப்பத்தை அவள் ஊராருக்குப் பங்கிடுகிறாள். மேற்கு நேபாளத்தின் ‘சௌபடி’ வழக்கத்தில் அதே நிலையிலுள்ள பெண் வீட்டை விட்டு விலக்கப்பட்டுச் சிறு குடிசையில் தனியே கிடக்கிறாள். உச்ச நீதிமன்றம் 2005இல் தடை விதித்தும், 2017இல் சிறைத்தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டும், குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் திணறியும் பாம்பு தீண்டியும் பெண்கள் அக்குடிசைகளில் இறந்திருக்கின்றனர். ஒரே உடல்நிகழ்வு, ஒன்றில் பெண்கள் சூழ்ந்திருக்கிறார்கள், மற்றதில் எவரும் இல்லை.

பெண்ணின் சொந்த நம்பிக்கையை மட்டுமே அளக்கும் ஆய்வுகள் காணத் தவறுவது, அவளுக்குச் சற்றும் தொடர்பில்லாத சமயம் அவள் உடலை ஆள்வது. கருநாடகத்தில் பிறந்து அயர்லாந்தில் பல் மருத்துவராக இருந்த சவிதா ஹலப்பனவர் இந்து. பதினேழு வாரக் கரு சிதையத் தொடங்கியிருந்த நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் கருவை அகற்றக் கேட்டபோது, கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் சட்டம் இடம் தரவில்லை என்று மறுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவி 2012 அக்டோபர் 28 அன்று இறந்தார். கண்காணிப்பில் நேர்ந்த பிழைகளும் விசாரணையில் வெளிவந்தன. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு செவிலியர் சொன்னதாக மரண விசாரணையில் பதிவாயிற்று. 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்பைத் தடுத்த அரசியல் சட்டப் பிரிவை நீக்க வாக்களித்தனர். அமெரிக்காவில் மருத்துவமனைப் படுக்கைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று கத்தோலிக்க நிறுவனங்களுக்கு உரியது; கருத்தடை அறுவையையும் அவற்றின் நெறிமுறை விலக்குகிறது. பல மாநிலங்களில் வெள்ளையினப் பெண்களைவிடப் பிற இனப் பெண்களே இவற்றில் அதிக விகிதத்தில் பிரசவிக்கின்றனர் என்று கொலம்பியா சட்டக் கல்லூரியின் 2018ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. அவர்களுள் எத்தனை பேர் கத்தோலிக்கர் என்பதை மருத்துவமனை கேட்பதில்லை, கேட்டாலும் விதி மாறாது.

இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை 7,24,115 பெண்களிடம் பேசியது. உங்கள் மருத்துவத்தைப் பற்றி வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று அது கேட்கிறது. பெண் மருத்துவ ஊழியர் இல்லாதது தடையாக இருக்கிறதா என்றும் கேட்கிறது. சமயத்தையோ இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று ஒரு பெயராக மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சபைக்கோ மகளிர் பூசைக்கோ நீங்கள் சென்று எத்தனை நாளாயிற்று, அங்கே உங்களைத் தேடுவார் உண்டா, விரதம் இருக்கிறீர்களா, மாதவிலக்கில் எங்கே தங்குகிறீர்கள் என்னும் நான்கு கேள்விகளை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வதற்குப் பெரிய செலவு ஆகாது. அவற்றைச் சேர்க்குமாறு கேட்க வேண்டியவர்கள் இந்நாட்டின் மருத்துவ, சமூகவியல் ஆய்வாளர்கள்.